வெளிறிய மலமும் அறுபது நாட்களும்

பிறந்த பிள்ளையின் கண் மஞ்சளித்தால் "காலை வெயிலில் காட்டு" என்பது லயத்து வழக்கம். அநேகமான பிள்ளைகளுக்கு அது தானாகவே மாறிவிடும். இரண்டு வாரம் கடந்தும் மாறாமல், மலம் சுண்ணாம்பாய் வெளிறி, சிறுநீர் சாயத்தண்ணியாய்த் துணியில் கறை பிடித்தால் வெயிலை நம்பியிருக்கக் கூடாது.

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் வரும் குழாய் அடைபட்டிருக்கலாம். தேங்கும் பித்தம் நாளுக்கு நாள் ஈரலைத் தழும்பாக்கும். ஜப்பானிய நிபுணர் மொரியோ கசாய் 1950களில் இதற்கு வழி கண்டார்: கெட்ட குழாயை அகற்றி, குடலை நேரே ஈரலுடன் இணைக்கும் சத்திரசிகிச்சை அது.

பிள்ளை தேறுமா? முன்கூட்டியே எவராலும் உறுதி சொல்ல இயலாது. ஆனால் 60 நாட்களுக்குள் செய்தால் வாய்ப்புக் கூட. தழும்பு ஏறியபின் குறைவு. பின்னர் மலம் மஞ்சளாகத் தொடங்குவது நல்ல அடையாளம். மூன்று மாதத்துக்குள் இரத்தத்தில் பிலிருபின் ஒரு டெசிலீட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், சொந்த ஈரலோடு வளரும் நம்பிக்கை அதிகம். இறங்காத பலருக்கு ஈரல் மாற்றே வழி. தாய்வான் 2004இல் நாடெங்கும் மல நிற அட்டை கொடுத்தபின், காலத்தோடு சத்திரசிகிச்சை பெற்ற பிள்ளைகள் கூடினர்.

இடம்பெயர்ந்து ராகலைப் பக்கம் வந்திருப்போருக்காகவே இதை எழுதுகிறோம். உங்கள் பெயர் பழைய ஊர் மருத்துவமாதுவின் புத்தகத்தில் இருக்கும். இங்குள்ளவருக்கு நீங்கள் வந்தது தெரியாது. கொட்டிலில் இருந்தாலும் போய்ப் பதியுங்கள். சந்தேகமானால் மலம் பட்ட துணியைக் கழுவாமல் நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.