விதை செத்துவிட்டதா, உறங்குகிறதா?

விதை முளைத்தல் பாடத்துக்கு நம்மில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஈரப் பஞ்சில் முளைக்கவைக்க ஆளுக்கொரு விதை கொண்டுவரச் சொன்னேன். பச்சைப்பயறு, அவரை, கொண்டைக்கடலை என்று வந்தன. ஒரு மாணவி மட்டும் சிறிய பாக்கெட் ஒன்றை நீட்டினாள். "இமயமலை நீலப் பாப்பி விதை, டீச்சர். சித்தப்பா ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தாங்க" என்றாள். இரண்டே நாளில் பயறு முளைவிட்டது. அவளுடைய விதை இரண்டு வாரமாகியும் அப்படியே கிடந்தது. "செத்துப்போச்சா, டீச்சர்?" என்று கேட்டாள். "ஆமாம்மா, கெட்டுப்போன விதையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தச் செடியைப் பற்றிப் பிறகு படித்தபோதுதான், யோசிக்காமல் பதில் சொன்னது உறைத்தது.

நீலப் பாப்பி நமக்கு முற்றிலும் அந்நியமான செடி அல்ல. சமையலறையில் இருக்கும் கசகசாவும், சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் பிரம்மதண்டும் இதன் குடும்பமே. ஆனால் இது வாழும் இடம் வேறு. இமயமலையிலும் திபெத்திலும் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல், ஈரமும் குளிருமான சரிவுகளில் வளர்கிறது. பூட்டானின் தேசிய மலர் இது. இதன் இன்னொரு வகையை உத்தராகண்ட் மாநிலத்தின் பூக்களின் பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் பார்க்கலாம்.

அந்த மலையில் மழைக்காலம் முடிந்ததும் விதை முற்றி உதிர்கிறது. அடுத்து வருவது கடும் பனிக்காலம். உதிர்ந்த உடனே முளைத்தால் இளநாற்று உறைபனியில் கருகிவிடும். அதனால் விதை பனிக்கடியில் ஈரத்தோடு காத்திருக்கிறது. பனி உருகும் வசந்தத்தில்தான் முளைக்கிறது. இந்தக் காத்திருப்பையே விதை உறக்கம் என்கிறோம். குளிரில் உறக்கம் கலையும் விதைகளில், முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்து, முளைப்பைத் தூண்டும் ஜிப்ரல்லினின் வேலை மேலோங்குகிறது. மேல்நிலை வகுப்பில் தாவர ஹார்மோன்களை நடத்தும்போது இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

1924இல் பிராங்க் கிங்டன் வார்டு என்ற தாவர ஆய்வுப் பயணி திபெத்திலிருந்து இதன் விதைகளைச் சேகரித்து அனுப்பினார். 1926இல் அவை பிரிட்டன் தோட்டங்களில் பூத்தன. கோடையிலும் குளுமையாக இருக்கும் ஸ்காட்லாந்து இந்தச் செடிக்குப் புகுந்த வீடாகிவிட்டது. அங்கே வீட்டுத் தோட்டத்தில் இதை விதையிலிருந்து வளர்ப்பவர்கள், மலையில் நடப்பதையே தொட்டியில் நடத்திக் காட்டுகிறார்கள்.

விதை புதிதாக இருக்க வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் வைத்தால் முளைப்புத் திறன் விரைவில் குறைந்துவிடும். சிலர் விதை முற்றியதும் தொட்டியில் தூவி, குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் ஈர மணலில் கலந்து நான்கு வாரம்போலக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு விதைக்கிறார்கள். இலைமட்கும் மணலும் கலந்த கலவையின் மேல் விதையைத் தூவுவதோடு சரி, மண் போட்டு மூடுவதில்லை. முளைக்க வெளிச்சமும் உதவுகிறது. மேலிருந்து நீர் ஊற்றினால் பொடி விதை அடித்துச் செல்லப்படும் என்பதால், தொட்டியை நீர்த்தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுகிறார்கள். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சில வாரங்களில் முளை எட்டிப்பார்க்கும்.

பிறகும் கவனம் தேவை. ஈரம் தேங்கினால் நாற்றழுகல் நோய் வரும். காய்ந்தாலும் நாற்று பிழைக்காது. நிழல்பாங்கான இடத்தில், சற்றே அமிலத்தன்மையுள்ள மட்கு மண்ணில் நடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். செடி இளசாக இருக்கும்போதே மொட்டு வந்தால் கிள்ளிவிடுகிறார்கள். தூர் பெருக்கும் முன் பூத்தால் சில செடிகள் அத்தோடு மடிந்துபோகும்.

நம் சமவெளி வெயிலில் இந்தச் செடி தங்காது. ஆகவே மாணவர்கள் ஆசைப்பட்டு விதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வி நமக்குத் தேவையானது. முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பநிலை வேண்டும் என்று கற்பிக்கிறோம். 'தகுந்த வெப்பநிலை' என்பதை நான் பல ஆண்டுகளாக 'கதகதப்பு' என்றே விளக்கி வந்தேன். பயறுக்கு அது சரி. பனிமலை விதைக்கு முதலில் தகுந்தது குளிர்தான். எது தகுந்தது என்பதை அந்த விதையின் சொந்த ஊர் தீர்மானிக்கிறது.

இதை வகுப்பிலேயே தொடங்கிவைக்கலாம். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறை இரண்டு கிண்ணங்களில் வையுங்கள். ஒன்று வகுப்பில் இருக்கட்டும். மற்றொன்று யாராவது ஒருவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், உறைபெட்டிக்குக் கீழே உள்ள தட்டில், நான்கு நாள் இருக்கட்டும். பிறகு அதை வெளியே எடுத்து மேலும் நான்கு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். எத்தனை முளைத்தன, எத்தனை முளைக்கவில்லை என்று மாணவர்களே எண்ணி எழுதட்டும். 'முளைக்கவில்லை' என்பதும் 'செத்துவிட்டது' என்பதும் ஒன்றா என்ற விவாதம் தானாகவே எழும்.

மறுவாரம் அந்த மாணவியை அழைத்து, "நான் அன்னைக்குச் சொன்னது அவசரப் பதில்மா" என்றேன். அது பழைய விதையாகவும் இருந்திருக்கலாம், குளிருக்குக் காத்திருந்த விதையாகவும் இருந்திருக்கலாம் என்று வகுப்புக்கே விளக்கினேன். அவள் உடனே கேட்டாள்: "அப்போ எது உண்மைன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

மீதி விதையை ஈர மணலில் கலந்து அவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறோம். டப்பாவின் மேல் அவளே தேதி எழுதி ஒட்டியிருக்கிறாள்.