ஒரு வயலில் மூன்று பயிர்கள்



கென்யா நாட்டில் விக்டோரியா ஏரியைச் சார்ந்த பகுதிகளில் ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்தையே நம்பி வாழும் உழவர் குடும்பங்கள் பல. அவர்களுடைய முதன்மை உணவு மக்காச்சோளம். அதன் மாவை ‘உகாலி’ என்னும் களியாகக் கிண்டி உண்பர். கதிர் பொய்த்தால் வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் வழியிராது.

அக்கதிரைக் கெடுக்கும் பகைகள் இரண்டு. முதலாவது, தண்டுத் துளைப்பான். அந்துப்பூச்சி பயிரில் இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, தண்டைக் குடைந்து உள்ளே புகுந்துவிடும். புகுந்தபின் மருந்து தெளித்தும் பெரும்பயன் இல்லை. மருந்து வாங்க ஏழை உழவரிடம் பொருளும் இல்லை.

இரண்டாவது, ஸ்ட்ரைகா என்னும் களை. நம் சோளக் கொல்லைகளில் காணும் சுடுமல்லியின் இனத்தைச் சேர்ந்தது. பயிரின் வேர் கசியவிடும் பொருளை உணர்ந்து இதன் விதை முளைக்கும்; அவ்வேரையே பற்றிச் சாற்றை உறிஞ்சும். களை மண்ணுக்கு மேலே தலைகாட்டுமுன்பே பயிர் நலிந்துவிடும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கிக் கிடக்க வல்லவை.

இவ்விரு பகைகளையும் எவ்வாறு வெல்வது? கென்ய அறிஞர் தாமஸ் ஒடியாம்போ 1970இல் நைரோபியில் பூச்சியியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 1990களில் அம்மையத்தில் பணிபுரிந்த விஞ்ஞானி ஜியாவுர் கானும், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து ஓர் உபாயம் கண்டனர். அதன் பெயர் ‘தள்ளு–இழு’ முறை.

மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயறு இனச் செடியை விதைப்பர். வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நடுவர். டெஸ்மோடியம் அந்துப்பூச்சியை விலக்க, புல் அதனைத் தன்பால் இழுக்கும். புல்லைத் துளைக்கும் புழு அதன் பிசுபிசுப்பான சாற்றில் சிக்கிப் பெரும்பாலும் மடியும். மணம் பூச்சியை விலக்கும் நுட்பத்தை அறிஞர் இன்னும் ஆராய்ந்து வருகின்றனர். ஸ்ட்ரைகாவை அடக்குவதோ டெஸ்மோடியத்தின் வேர். அது கசியும் பொருள்களுள் சில களை விதையை முளைக்கத் தூண்டும். வேறு சில, முளைத்தது பயிர்வேரைப் பற்றாதவாறு தடுக்கும். பற்றுக்கோடின்றி முளை மாயும். மண்ணிலுள்ள விதை இருப்பும் ஆண்டுதோறும் குறையும். பயறு இனமாதலால் காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும்.

வயிற்றுக்கு வழி கண்டாயிற்று. வருவாய்க்கு என்ன வழி? புல்லும் டெஸ்மோடியமும் நல்ல தீவனம். அவற்றை அறுத்துப் பசுவுக்கு இட்டால் பால் கிடைக்கும். பிள்ளைகள் குடித்தது போக எஞ்சியதை விற்கலாம். சாணம் மீண்டும் வயலுக்கே எருவாகும்.

ஆயினும் இது மந்திரமன்று. டெஸ்மோடியம் விதை எளிதிற் கிடைப்பதில்லை. முதற் பருவத்தில் களையெடுக்கும் உழைப்பு மிகுதி. இரண்டு செடிகளும் பல்லாண்டு நிற்பவை. அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமோ என அஞ்சும் குத்தகையாளர் அவற்றை நடத் துணிவாரா? ஆகவே விதையும் பயிற்சியும் நில உரிமையும் ஒருங்கே கிட்டினாலன்றி இம்முறை வேரூன்றாது.

செடியும் பூச்சியும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை அமர்ந்து நோக்கியவர்களே இவ்வழியைக் கண்டனர். நாளை உங்கள் ஊர் வயலோரம் நடக்கும்போது, ஒரு செடியருகே சற்று நின்று நோக்குங்கள், ‘இது ஏன்?’ என்று கேளுங்கள். ஒரு குடும்பத்தின் பசிக்கு விடை அங்கேயும் இருக்கலாம்.