சிறு துவக்கும் பெருங் கவனமும்

பாம்பு சிறிதாயினும் தடி பெரிதாக இருக்க வேண்டும் என்பர் நம் பெரியோர். சிறியது என்று எதனையும் எளிதாக எண்ணலாகாது என்பதே அம்முதுமொழியின் கருத்து. நம் உறவினர் பலர் குடியேறியுள்ள கனடா நாட்டிலே, காட்டுவழி செல்வோரும் பண்ணை வீட்டாரும் கைக்கொள்ளும் ஒரு சிறு றைபிள் துவக்கைப் பற்றி எழுதப் புகுந்தபோது அம்மொழியே நம் நினைவுக்கு வந்தது.

அத்துவக்கை ‘இருபத்திரண்டு’ என்றே அழைப்பர். அதன் குழலின் உள்ளகலம் அங்குலத்தில் ஏறக்குறைய நூறில் 22 பங்கு என்பதனால் வந்த பெயர் அது. இன்று எங்கும் வழங்கும் அதன் தோட்டா 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றியது. நீளம் ஓர் அங்குலமே. பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவிலே இருக்கும். இதிலோ அடிவிளிம்பின் உட்புறத்தைச் சுற்றி இருக்கும். துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும். விலை மலிவு, ஓசை குறைவு, தோளை உதைப்பதும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவேதான் குறிபார்க்கப் பழகுவோர் இதனைக் கொண்டே தொடங்குகின்றனர்.

எதனைத் தேர்ந்தெடுப்பது? மூவகைத் துவக்குகளை எடுத்து நோக்குவோம்.

முதலாவது, யூஜின் ஸ்டோனர் என்பார் வகுத்து, ஆர்மலைட் நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.ஆர். 7. இதனைக் கழற்றிக் குழல் முதலியவற்றை உள்ளீடற்ற பிடங்கினுள் வைத்து மூடிவிடலாம். நீரில் வீழ்ந்தால் மிதக்கும். இன்று விற்பனையாகும் வடிவத்தின் நிறை மூன்றரை இறாத்தல். வள்ளத்திற் செல்வோரின் ஆபத்துக்கு உதவும்; நாள்தோறும் பழகுவதற்கு ஏற்ற நிதானம் இதற்குக் குறைவு.

இரண்டாவது, 1964ஆம் ஆண்டில் வெளிவந்த றூகர் 10/22. நிறை ஏறத்தாழ ஐந்து இறாத்தல். சுழலும் அமைப்புடைய கூட்டிலே பத்துத் தோட்டாக்கள் அடங்கும். ஒன்று வெடித்ததும் அடுத்தது தானாகவே குழலில் ஏறிவிடும். நம்பிக்கைக்குரியதென்று பெயர்பெற்றது. ஆயினும், கூட்டைக் கழற்றிய பின்னரும் குழலில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கக்கூடும் என்பதை மறந்தவர் கையில் இது கொடியது.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாவைக் கையால் இட்டுச் சுடும் எளிய துவக்கு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே முன்னாளிற் செய்யப்பட்ட கூயி துவக்குகள் இவ்வகையிற் பெயர்பெற்றவை. 1953ஆம் ஆண்டு மே மாதத்திலே, அல்பேட்டா மாகாணத்துச் சிலேவ் லேக் பகுதியில், கிறீ இனத்தவரான பெல்லா ருவின் என்னும் 63 வயது மூதாட்டியார், அத்தகைய துவக்கொன்றினால் தம்மை நெருங்கிய மாபெருங் கரடியொன்றை வீழ்த்தினார். அது அவருடைய அனுபவத்தின் வெற்றி. கரடிக்கு இத்துவக்கே போதும் என்று எவரும் துணியலாகாது.

குடும்பத்தவர் பழகுவதற்கு இம்மூன்றாவதையே நாம் விதந்துரைப்போம். கெட்டுப்போவதற்கு இதில் உறுப்புகள் சிலவே. அன்றியும், தாழை இழுத்துக் குழலின் வாயைப் பார்த்ததும் தோட்டா உண்டா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

விளிம்பிலே மருந்து சீராகப் பரவாத தோட்டா சில வேளைகளில் வெடியாது போகும். அப்பொழுது உடனே திறந்து பார்த்தல் தவறு. குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்தபடி அரை நிமிடமேனும் பொறுத்திருத்தல் வேண்டும். மூன்று கிராமுக்கும் குறைந்த அதன் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் செல்ல வல்லது. பெட்டிகளிலே ஒன்றரை மைல் என்றே எச்சரிக்கை அச்சிடுவர். கல்லிலும் நீரிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறுவதும் உண்டு. ஆகையால், வெற்றுப் பேணியைச் சுட்டுப் பழகுவோரும் அதன் பின்னே உயர்ந்த மண்மேடு இருக்கக் கண்ட பின்னரே விசையில் விரலை வைத்தல் வேண்டும்.

கனடாவிலே பாதுகாப்புப் பயிற்சியில் தேறி அனுமதிப்பத்திரம் பெற்றவரே துவக்கு வாங்கலாம். வீட்டிலே தோட்டாவை அகற்றிப் பூட்டி வைத்தலும் சட்டம். நம் நாட்டிலும் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமே.

துவக்கு வாங்க எண்ணியிருக்கும் தம்பிக்கோ மருமகனுக்கோ கடிதம் எழுதும் நேயர்கள் இதனையும் ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாக: ‘துவக்கின் பெயரைப் பின்பு பார்; பூட்டி வைக்கும் பெட்டியை முதலில் வாங்கு.’