நடுக்கடலில் 98 காற்றாலை: ரோட்டைத் தோண்ட விடாத ஊர்!

சட்டம் போட்டும் நடக்கவில்லை. கடைசியில் கம்பெனியே ஓட்டம்

ஒரு ரோட்டைத் தோண்டுவதில் ஆரம்பித்த தகராறு, அமெரிக்க ஜனாதிபதியின் கையெழுத்து வரைக்கும் போய்விட்டது!

நம்ம தெருவில் குடிநீருக்கு ஒரு பள்ளம், டெலிபோனுக்கு ஒரு பள்ளம் என்று தோண்டினால் என்ன செய்கிறோம்? முணுமுணுத்துக்கொண்டே தாண்டிப் போகிறோம். ஓஷன் சிட்டிக்காரர்கள் அப்படித் தாண்டிப் போகவில்லை.

ஓஷன் சிட்டி, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள கடற்கரை ஊர். 1879-ல் மெதடிஸ்ட் பாதிரியார்கள் உண்டாக்கியது. இன்றைக்கும் அங்கே மதுக்கடை கிடையாது. வருடம் முழுக்க இருப்பவர்கள் சுமார் 11 ஆயிரம் பேர்தான். கோடை வந்துவிட்டால் கூட்டம் பல மடங்கு. வாடகை, ஓட்டல், கடை எல்லாமே கடற்கரையை நம்பித்தான்.

5 எல்.ஐ.சி. உயரம்

2019-ல் டென்மார்க் கம்பெனியான ஓர்ஸ்டெட்டுக்கு நியூஜெர்சி மாநில மின் வாரியம் பச்சைக்கொடி காட்டியது. கரையிலிருந்து சுமார் 15 மைல் தள்ளி 98 காற்றாலைகள். 1,100 மெகாவாட் மின்சாரம். 5 லட்சம் வீடுகளுக்குப் போதும் என்று கணக்கு.

ஒவ்வொரு காற்றாலையும் சுமார் 900 அடி உயரம். நம்ம மவுண்ட்ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு!

கடலில் பிறக்கும் கரண்ட் கரைக்கு வர கேபிள் வேண்டும். அது ஓஷன் சிட்டி மணலுக்கு அடியில் நுழைந்து, 35-வது தெரு வழியாக, 2019-ல் மூடப்பட்ட பழைய அனல் மின்நிலையம் இருந்த இடத்துக்குப் போக வேண்டும். பெரிய மின்சார லைன் அங்கே ஏற்கனவே இருக்கிறது.

"முடியாது" என்றது ஊர். மேயரும் எதிர்ப்பு.

அவசரச் சட்டம்

அரசுக்கோ அவசரம். 2030-க்குள் நாடு முழுக்க 30 ஆயிரம் மெகாவாட் கடல் காற்றாலை என்று ஜனாதிபதி பைடன் 2021 மார்ச்சில் இலக்கு வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் நியூஜெர்சி கவர்னர் பில் மர்பி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். உள்ளூர் நிர்வாகம் வழி கொடுக்க மறுத்தால், மாநில வாரியமே தலையிட்டு வழி வாங்கிக் கொடுக்கலாம்!

இங்கேதான் நெருப்பு பற்றிக்கொண்டது. காற்றாலை நல்லதா, கெட்டதா என்ற பேச்சு பின்னால் போனது. "எங்க ரோட்டை எங்களைக் கேக்காம எப்படித் தோண்டலாம்?" என்ற பேச்சு முன்னால் வந்தது. 2022 செப்டம்பரில் வாரியம் கம்பெனி பக்கமே முடிவு சொன்னது. ஊர் இன்னும் சூடானது.

செத்து ஒதுங்கிய திமிங்கலம்

2022 டிசம்பரில் இருந்து நியூயார்க், நியூஜெர்சி கரைகளில் திமிங்கலங்கள் அடுத்தடுத்து செத்து ஒதுங்கின. காற்றாலைக்காக சர்வே செய்யும் கப்பல்களின் சத்தம்தான் காரணம் என்று எதிர்ப்பாளர்கள் கொதித்தனர். கடலோர மேயர்கள் பலர் சர்வேயை நிறுத்தச் சொன்னார்கள்.

அதற்கு ஆதாரமே இல்லை என்றது மத்திய அரசின் கடல் ஆராய்ச்சித் துறை. கூன்முதுகுத் திமிங்கலச் சாவு 2016-லேயே அதிகரித்துவிட்டது. பரிசோதித்ததில் சுமார் 40 சதவீதம், கப்பல் மோதியோ வலையில் சிக்கியோ செத்தவை. ஆனால் மணலில் கிடக்கும் திமிங்கலத்துக்கு முன்னால் அறிக்கை எடுபடுமா?

அந்தப் பகுதி பாராளுமன்ற உறுப்பினர் ஜெப் வான் ட்ரூ. ஜனநாயகக் கட்சியில் ஜெயித்து, குடியரசுக் கட்சிக்குத் தாவியவர். 2023 மார்ச்சில் வைல்ட்வுட் என்ற ஊரில் விசாரணைக் கூட்டமே நடத்திவிட்டார்.

ஜூலையில் இன்னொரு சட்டம். கரண்ட் பில் கட்டும் மக்களுக்குச் சேர வேண்டிய மத்திய வரிச்சலுகையை கம்பெனியே வைத்துக்கொள்ளலாம் என்றது அது. எதிர்ப்பாளர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி! செப்டம்பரில் கேபிள் வேலையை மறித்த சிலரைப் போலீசார் கைது செய்தார்கள். அக்டோபரில் கேப் மே மாவட்டம் கோர்ட்டுக்குப் போனது.

கம்பெனி கைவிரிப்பு

2023 அக்டோபர் 31. திட்டத்தையே கைவிடுவதாக ஓர்ஸ்டெட் அறிவித்தது. சொன்ன காரணம் திமிங்கலமும் இல்லை, ரோடும் இல்லை. விலைவாசி, வட்டி, நேரத்துக்கு வராத தளவாடங்கள்! 2024-ல் மாநிலத்துக்கு 12½ கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

ஆனால் மூட்டிய நெருப்பு அணையவில்லை. 2025 ஜனவரி 20-ந் தேதி, பதவியேற்ற அன்றே, கடலில் புதுக் காற்றாலைக் குத்தகையையும் அனுமதிகளையும் நிறுத்தி டிரம்ப் கையெழுத்திட்டார். அனுமதிகளை நிறுத்தியது செல்லாது என்று டிசம்பரில் மத்திய கோர்ட்டு தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், நேரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம் மிச்சம் பிடித்தது எதிர்ப்பை மட்டும்தான்!

நம்ம கடலில்?

இது எங்கேயோ நடந்த கதை என்று பேப்பரை மடித்துவிட வேண்டாம். கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். நம்ம கடலில் 4,000 மெகாவாட்டுக்கு 2024-ல் போட்ட டெண்டர் 2025-ல் ரத்தாகிவிட்டது. ஆகவே அவகாசம் இருக்கிறது.

காற்று நிறைய அடிக்கிற கடல்தான். கரண்ட் வந்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் கேபிளும் ஏதாவது ஒரு ஊர்க் கரையில்தான் ஏற வேண்டும். அந்த மணலில் வலை காய்ந்துகொண்டிருக்கும். படகு நின்றுகொண்டிருக்கும்.

கேட்டுவிட்டுத் தோண்டுவார்களா? தோண்டிவிட்டுக் கேட்பார்களா?