சாதியை வாசித்துக் காட்டினால் பையனின் ஸ்கோர் குறையுமா? ஒரு பரிசோதனை சொன்னதும் சொல்லாததும்

உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமப்புறப் பள்ளி. ஒரு அறையில் ஆறு பையன்கள், ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பு. மூன்று பேர் பட்டியல் சாதி, மூன்று பேர் தாக்கூர், பிராமணர் போன்ற முற்பட்ட சாதிகள். ஆளுக்கு 15 புதிர்ப்பாதைகள், 15 நிமிடம். சிறுவர் இதழ்களில் ‘முயலுக்கு வழி காட்டுங்கள்’ என்று வருமே, அந்த மாதிரிதான். சரியாக முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய்.

சில குழுக்களில் யாருடைய சாதியைப் பற்றியும் பேச்சே எடுக்கவில்லை. வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், கடைசியில் சாதி, எல்லாவற்றையும் அனைவர் முன்னிலையிலும் வாசித்தார்கள். பையன் ‘ஆமாம்’ என்று தலையாட்டினால் போதும். வித்தியாசம் அவ்வளவுதான்.

உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய இந்த ஆய்வு 2004-ல் வெளியானது. அவர்கள் பொருளாதார ஆய்வாளர்கள். ஆனால் கேட்ட கேள்வி முழுக்க உளவியல். சாதி பேசப்படாத குழுக்களில் இரு தரப்புக்கும் இடையே வித்தியாசம் இல்லை. சாதியை வாசித்த குழுக்களில் பட்டியல் சாதிப் பையன்கள் கணிசமாகப் பின்தங்கினார்கள்.

சர்வேயால் ஏன் இதைச் சொல்ல முடியாது?

என் வேலையே சர்வே டேட்டாவோடு மல்லுக்கட்டுவதுதான். சாதிவாரியாகக் கற்றல் திறனைக் காட்டும் எந்த அட்டவணையைப் போட்டாலும், கீழே ஒருவர் வந்து “அப்போ திறமை குறைவுதானே?” என்று எழுதிவிட்டுப் போவார். கோபம் வரும். ஆனால் அந்த அட்டவணையை மட்டும் வைத்து அவருக்குப் பதில் சொல்லிவிட முடியாது. அப்பாவின் படிப்பு, நிலம், டியூஷன், காலைச் சாப்பாடு, ஆசிரியரின் நடத்தை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் பின்னிக் கிடக்கும். சிலவற்றைக் கணக்கில் கழிக்கலாம். அளக்காமல் விட்டதை எப்படிக் கழிப்பது?

பரிசோதனை இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டுகிறது. யார் எந்தக் குழுவுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தால், ஏழ்மை, டியூஷன், காலைப் பசி எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். நாம் பட்டியல் போட மறந்துபோன காரணங்களும் கூடத்தான். பிறகு ஒரே ஒரு விஷயத்தை மாற்றுகிறோம். வாசிக்காதபோது இல்லாத இடைவெளி வாசித்ததும் வந்தால், அதைத் ‘திறமை’ என்ற சொல்லால் விளக்க வழியே இல்லை. பையன்களின் திறமை இரண்டு அறைகளிலும் ஒன்றுதானே?

இன்னொரு திருப்பமும் உண்டு. ஆறு பேரில் யாருக்குப் பணம் என்பதைக் குலுக்கலில் எடுக்கும் ஏற்பாட்டையும் முயன்றார்கள். அப்போது இடைவெளி மறைந்தது. ‘நம் சாதி தெரிந்த மனிதர்கள் நம்மை நியாயமாக மதிப்பார்களா?’ என்ற அவநம்பிக்கைதான் பையன்களைத் தளர்த்தியது, தீர்ப்பு சீட்டின் கைக்குப் போனதும் அது விலகியது என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

இங்கிருந்துதான் கவனம் தேவை

ஸ்கோர் குறைந்தது என்பது அளந்து பார்த்த உண்மை. அவநம்பிக்கையால் குறைந்தது என்பது விளக்கம். குலுக்கல் சுற்று அதற்குப் பலம் சேர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கூச்சம், பழைய அவமானத்தின் நினைவு, ‘எதற்கு வம்பு’ என்று ஒதுங்கிக்கொள்வது என எது பையனின் மனதுக்குள் ஓடினாலும் தாளில் தெரிவது ஒரே எண்தான். பரிசோதனை மனதைத் திறந்து காட்டுவதில்லை.

கலந்துகொண்டவர்கள் 642 பேர், தாமாக முன்வந்தவர்கள். பெண் குழந்தைகள் ஒருவர்கூட இல்லை. ஒரே மாநிலம். புதிர்ப்பாதை போடுவதும் பத்து வருடம் பள்ளிக்குப் போவதும் ஒன்றல்ல. மதுரையிலோ மும்பையிலோ இதே அளவு சரிவு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உளவியலுக்கு இந்த விஷயத்தில் சூடுபட்ட அனுபவம் உண்டு. 2015-ல் வெளியான ஒரு பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியவை. மறுமுறை அப்படி வந்தது 36 சதவீதம்தான். நம் கதைக்கு நெருங்கிய உறவுக்கார ஆய்வு ஒன்றும் அடிவாங்கியது. ‘பெண்களுக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சை நினைவூட்டினால் மாணவிகளின் மதிப்பெண் குறையும் என்பது பிரபலமான கருத்து. நெதர்லாந்தில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் அதைச் சோதித்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். அப்படி ஒரு பாதிப்பு தென்படவில்லை.

அதனால் உ.பி. முடிவும் பொய் என்று தாவிவிடக் கூடாது. நெதர்லாந்தில் நினைவூட்டியது ஒரு பொதுக்கருத்தை. இங்கே வாசித்தது ஒரு பையனின் தாத்தா பெயரையும் சாதியையும், அது தண்ணீர்க் குடம் வரை தீர்மானிக்கிற ஊர்ப்பக்கத்தில். ஆனால் 20 வருடத்துக்கு முந்தைய ஒரு ஆய்வை இயற்கை விதி மாதிரி மேற்கோள் காட்டுவதும் சரியில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. பாதிப்பை அளக்க, பாதிப்பைக் கொஞ்சம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிறுவனின் சாதியை ஒருமுறை வாசிப்பதே கூச வைக்கிறது. வருடக்கணக்கில் அவமதித்துப் பார்த்து அளக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. குழந்தைகளைக் குலுக்கிப்போட்டு ‘நீ இந்தச் சாதி’ என்று ஒதுக்கவும் முடியாது. நாம் அதிகம் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த நீண்டகால பாதிப்பைத்தான். அதற்கு மறுபடி சர்வேயிடமும், உட்கார்ந்து பேசும் நேர்காணல்களிடமும்தான் வர வேண்டும்.

ஒரு மாற்று வழி இருக்கிறது: தீமையைச் சேர்ப்பதற்குப் பதில் எடுத்துவிட்டுப் பார்ப்பது. ‘ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு, எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க’ என்ற குரலை வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஒரு மாநில அரசு நினைத்தால், குலுக்கலில் எடுத்த பாதிப் பள்ளிகளில் இந்த வருடம் அந்தப் படிவத்தை மூடிய உறையில் எல்லோருக்கும் பொதுவாக வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம். மீதிப் பள்ளிகளுக்கு அடுத்த வருடம். நடுவில் முழு ஆண்டுத் தேர்வின் மதிப்பெண்களையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டால் போதும். பெண் பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள், புதிர்ப்பாதையும் தேவைப்படாது.