காலண்டரில் ‘நான்’ எங்கே?

(புத்தாண்டையொட்டி நடைபெற்ற தொலைக்காட்சி மகளிர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பதைத் தாண்டிய பெண்கள் புத்தாண்டில் என்ன இலட்சியம் வைத்துக் கொள்ளலாம் என்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இலட்சியம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஜனவரி முதல் தேதி காலையில் மிகத் தீவிரமாக இருக்கும். பொங்கலன்று பானை பொங்கும்போது அதுவும் சேர்ந்து பொங்கி வழிந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடைப்பயிற்சிக்கென்று நல்ல சப்பாத்து ஒன்று வாங்கினேன். அது இதுவரை வந்த தூரம் கடையிலிருந்து வீடுவரை மட்டுமே, அதுவும் காரில்.

‘நமக்கு மன உறுதி போதவில்லை’ என்று பலர் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர்கள் யார்? பச்சைத் தண்ணீரில் குளித்து, தரையில் படுத்து, வீட்டில் மற்றவர்களுக்குக் கோழி சமைத்துப் போட்டும் அதைத் தொடாமல் இருப்பவர்கள் யார்? தலையில் பால்குடத்துடன் பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிறவர்களில் ஐம்பது வயது அம்மாக்கள் எத்தனை பேர்! முருகனுக்காக 48 நாள் நாக்கைக் கட்டத் தெரிந்தவருக்குத் தனக்காக ஏழு நாள் கட்ட முடியவில்லை என்றால், கோளாறு உறுதியில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

விரதம் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. ‘இனி வாழ்நாள் முழுக்க’ என்று யாரும் மாலை போடுவதில்லை. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பதில் குழப்பமும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அனைவருக்கும் தெரியும். ‘அம்மா விரதம்’ என்று சொன்ன மாத்திரத்தில் பிள்ளைகள் தங்கள் தட்டைத் தாங்களே கழுவுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா பலகாரத்தை நீட்டி ‘ஒண்ணே ஒண்ணு சாப்பிடும்மா’ என்று வற்புறுத்துவதில்லை. நம் புத்தாண்டுத் தீர்மானத்துக்கோ தேதியும் இல்லை, சாட்சியும் இல்லை. ‘உடம்பைப் பார்த்துக்கணும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம். அது யாருக்கும் தெரியாது. நமக்கே நான்காம் நாள் தெரியாது.

பழக்கம் ஒன்று எத்தனை நாளில் படிகிறது என்று லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. சராசரியாக 66 நாள் பிடித்ததாம். சிலருக்கு 18 நாளிலேயே படிந்துவிட்டது. சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய பாதகம் ஒன்றும் ஏற்படவில்லை. ஆகவே, கல்யாண வீட்டில் ஒரு லட்டு சாப்பிட்டுவிட்டோம் என்பதற்காக ‘எல்லாம் போச்சு, அடுத்த ஜனவரியில் பார்த்துக்கலாம்’ என்று மிச்ச லட்டுகளையும் முடித்துவைக்க வேண்டிய அவசியமில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நம் வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கும். அமாவாசை, பௌர்ணமி, கார்த்திகை, பள்ளி விடுமுறை எல்லாம் அதில் இருக்கும். குதிரைப் பந்தயம் உள்ள நாளில் குதிரைத் தலைகூட இருக்கும். மிச்ச இடத்தில் நாம் எழுதுவோம். வீட்டுக்குப் போனதும் உங்கள் பழைய காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் எத்தனை நாளில் இருக்கிறது?

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அக்கா. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன். ‘சொல்லு, ஆனா பேரைச் சொல்லாதே’ என்றார். ஓர் ஆண்டு பிப்ரவரி மாதம், குளிக்கும்போது மார்பில் சிறு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. அந்த மாதம் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. ‘அது முடியட்டும்’ என்று விட்டார். பிறகு மகளுக்குப் பரீட்சை. அது முடிந்ததும் தீபாவளி. முறுக்கு, நெய்யுருண்டை ஆர்டர் வேறு எடுத்திருந்தார். அதன் பிறகு மகன் கல்யாணம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் போனபோது பதினோரு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று ஒரு வருடம் போராடினார். இன்று நலமாக இருக்கிறார். இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, நான் கட்டியிருக்கும் சேலை சரியில்லை என்று இன்றிரவு போன் செய்யும் அளவுக்கு நலம்.

சிகிச்சையின்போது அவர் வீட்டில் நான் தங்கியிருந்தேன். பழைய காலண்டர் ஆணியில் அப்படியே இருந்தது. ‘அத்தை கண் கிளினிக்’ என்று ஆறு இடத்தில். ‘ரோட் டெக்ஸ்’, ‘டியூஷன் பணம்’, ‘கேஸ்’. பூனைக்கு ஊசி போடும் நாள்கூட இருந்தது. எல்லாம் அக்காவின் கையெழுத்து. அக்காவுக்காக ஒரு நாளும் இல்லை.

இது என் அக்காவின் கதை மட்டுமன்று. மலேசியப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டது. சீக்கிரம் பார்த்தால் சிகிச்சையும் எளிது, பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். ‘அது முடியட்டும், இது முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

ஆகவே முதல் காரியம், இன்றே காலண்டரில் ஒரு தேதியைப் பிடியுங்கள். இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் ஒருவர். ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். மெமோகிராம் எப்போது எடுக்கலாம் என்றும் அங்கேயே கேளுங்கள். ஐம்பதைக் கடந்தவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பது நல்லது. கருப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூச்சப்படுகிறவர்களுக்கு இப்போது எச்.பி.வி. சோதனை வந்திருக்கிறது. மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம். இன்னொன்று, மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும், ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் சாப்பிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள்.

மாதவிடாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த வயதில் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும். நாம் காத்தாடியை ஐந்தில் வைப்போம், அவர் இரண்டில் வைப்பார். நள்ளிரவில் அந்தச் சுவிட்சுக்காக நடக்கும் போரில் முப்பது வருடக் குடும்பம் ஆடிப்போகும். அவருக்குக் காரணம் தெரியாது, நாமும் சொல்ல மாட்டோம். இந்த ஆண்டு சொல்லிவிடுங்கள். கூடவே அவருக்கு நல்ல கம்பளி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

எடை குறைப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். நிறுவையைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். தையல் பெட்டியில் டேப் இருக்கிறதல்லவா, அதை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது! நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, சீனி நோய்க்கும் இருதய நோய்க்கும் வழி திறக்கிறது. எனக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். டேப் கொஞ்சம் சின்னது.

இடுப்புக்கு முதல் எதிரி தே தாரேக். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி இருக்கிறது. கடைக்காரர் ஊற்றுவது ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. சேர்க்கும் சீனியை நாளுக்கு 50 கிராமுக்குள் வையுங்கள், 25க்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தம்பியிடம் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லிவிட்டு மனச்சாந்தியோடு குடிக்கிறோம். சீனி குறையலாம், டின் பால் இருக்கிறதே! ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கப் பழகுங்கள். முதல் வாரம் முகம் கோணும். தைப்பூசம்வரை என்று தேதி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

நடப்பது நல்லதுதான். ஆனால் இந்த வயதில் தசையும் எலும்பும் தேய்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு இன்னும் வேகமாக வலுவிழக்கும். அதனால்தான் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஜிம் தேவையில்லை. சோறு கொதிக்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து பாருங்கள். நான்காவது முறையிலேயே உண்மை தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இல்லத்தரசிகளுக்காக சொக்சோ ஒரு பாதுகாப்புத் திட்டத்தை 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 வெள்ளி. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். சமையலறையில் வழுக்கி விழுந்தாலும், வீட்டு வேலையில் அடிபட்டாலும், நிரந்தரமாக முடியாமல் போனாலும் அதில் உதவி உண்டு. கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை வேலைப்பாட்டோடு தைக்கக் கொடுத்தால் இதைவிட அதிகம் கேட்கிறார்கள். வேலைக்குப் போகும் சகோதரிகளே, 55இல் இபிஎப் பணம் கைக்கு வரும்போது மகனுக்குக் காருக்கு முன்பணம், மகளுக்கு வீட்டுக்கு முன்பணம் என்று கேட்பார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்ல மட்டும் இப்போதே கண்ணாடி முன் பழகிக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாக அறிவிப்பாளர் தங்கை கண்ணைக் காட்டுகிறார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதையெல்லாம் பேச வருகிறேனே என்று, போன வாரம் எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘நான் - கிளினிக் - 8 மணி’ என்று எழுதினேன். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் காப்பிக் குவளையோடு அதன் முன்னால் வெகு நேரம் நின்றார்.

“ஏம்மா, இந்த ‘நான்’னு போட்டிருக்கே, யாரு அது?” என்றார்.

“நான்தாங்க” என்றேன். “நீங்கதான் காரை எடுக்கணும். ஏழரைக்கே கிளம்பணும்.”