மூன்று வேளைக்கு 46 ரூபாய்! விடுதிப் பிள்ளைகளின் தட்டு நிறையுமா?

தென்காசி,

குற்றாலத்தில் சாரல் விழும் மாதமும், பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் ஒன்றுதான். ஜூன் மாதம்!

அந்த நாட்களில் தென்காசி பஸ் நிலையத்தில் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம்.

ஒரு கூட்டம் தோளில் துண்டும் கையில் எண்ணெய் பாட்டிலுமாக அருவிக்கு ஓடும். இன்னொரு கூட்டம் ஓடாது. ஓரமாக நிற்கும். ஒரு துணிப்பை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், உருட்டிக் கட்டிய போர்வை. அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. விடுதியில் சேர்க்கக் கூட்டிப் போகிறார்கள்.

முதல் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வருஷா வருஷம் படத்தோடு செய்தி வருகிறது. இரண்டாவது கூட்டத்தைப் பற்றி யாரும் எழுதுவது இல்லை. அந்தப் பிள்ளைகள் ஏன் ஊரை விட்டு வருகிறார்கள்? அவர்களுக்கு யார் பணம் போடுகிறார்கள்? அந்தப் பணம் போதுமா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடையில் மிட்டாய் இல்லை

"ஊரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதே! எதற்கு ஸார் விடுதி?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்களுக்குப் பதில் தொலைவில் இல்லை. தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறது. ஊர் பெயர் பாஞ்சாகுளம்.

2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். பள்ளிக்குப் போகும் ஆதிதிராவிடக் குழந்தைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். கையில் காசு இருந்தது. கடையில் பண்டமும் இருந்தது. ஆனால் கொடுக்கவில்லை. உங்கள் தெருக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்.

அந்தக் காட்சி செல்போனில் படமாகி, நாடு முழுவதும் பரவியது. போலீஸ் வழக்குப் போட்டது. கடைக்குச் சீல் வைத்தார்கள். வழக்கில் சிக்கியவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை தனிக்கோர்ட்டு உத்தரவு போட்டது.

சட்டம் தன் வேலையைச் செய்தது. சரி. ஆனால் காசை மூடிய கையோடு திரும்பி நடந்த குழந்தையின் மனசு?

அடுத்த ஆண்டு இன்னொரு கொடுமை. 2023 ஆகஸ்டு மாதம். நெல்லை மாவட்டம் நாங்குநேரி. பிளஸ்-2 படித்த ஆதிதிராவிட மாணவரை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்து, 2024-ல் பரீட்சை எழுதினார். 600-க்கு 469 மார்க்கு வாங்கினார்!

படிக்க வேண்டும் என்ற வெறி இருக்கிறது. நிம்மதியாகப் படிக்க ஓர் இடம்தான் வேண்டும். அதற்குத்தான் விடுதி.

காந்தி குளிக்காத அருவி

இந்தப் பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் வேலை நேற்று வந்தது அல்ல. குற்றாலத்துக்கே அதில் ஒரு கதை உண்டு.

1934 ஜனவரி மாதம் காந்தி தென்காசிப் பக்கம் வந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக நாடு சுற்றிய பயணம் அது. குற்றாலம் வந்தவர் அருவியில் குளிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் அங்கே குளிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. 'அவர்களுக்கு இல்லாத அருவி எனக்கும் வேண்டாம்' என்று குளிக்காமலே போய்விட்டார் என்று குற்றாலத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

1933 நவம்பரில் தொடங்கிய அந்தப் பயணம் 1934 ஜூலை வரை நடந்தது. சுமார் 12,500 மைல். வழியெல்லாம் பணமுடிப்பு. பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். காந்தியிடம் கையெழுத்து வாங்கவும் காசு கொடுக்க வேண்டும்! இப்படிச் சேர்ந்த தொகை சுமார் 8 லட்சம் ரூபாய். அன்றைக்கு அதற்கு 'அரிசன நிதி' என்று பெயர். பள்ளிக்கூடம், விடுதி, கிணறு என்று அந்தப் பணம் செலவானது.

அதற்கும் முன்பே, 1916-ல், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கி விட்டார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுப்பிய பள்ளி அது.

சேரன்மாதேவிப் பந்தி

ஆனால் பணம் கொடுத்தால் மட்டும் போதுமா? 'போதாது' என்று 100 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சீமை சொல்லிவிட்டது.

தென்காசியில் நெல்லை ரயில் ஏறினால், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டி சேரன்மாதேவி வரும். அங்கே வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு 10 ஆயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் 5 ஆயிரம் கொடுத்தது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி! மற்றப் பையன்களுக்கு வேறு பந்தி!

காங்கிரஸ் கமிட்டியின் அன்றைய காரியதரிசி ஈ.வெ.ராமசாமி. பிற்காலத்துப் பெரியார். "மீதிப் பணத்தைக் கொடுக்க மாட்டேன்" என்று பிடிவாதமாக நின்றார். டாக்டர் வரதராஜுலு நாயுடு ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று 1925-ல் காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அய்யர் உயிர் விட்டது வேறு சோகம்.

அந்தத் தகராறு பிராமணர், பிராமணர் அல்லாதார் பற்றியது. ஆதிதிராவிடப் பிள்ளைகள் பற்றியது அல்ல. ஆனாலும் அதில் பிறந்த நியாயம் எல்லோருக்கும் பொது.

பொதுப்பணம் வாங்கும் பள்ளியில் ஒரே பந்திதான் இருக்க வேண்டும்! பணம் கொடுக்கிறவன், 'பந்தி எப்படி?' என்று கேட்டே ஆகவேண்டும்!

இன்றைய அரசு விடுதிகளுக்கு அந்த நியாயம்தான் அஸ்திவாரம். ஆதிதிராவிடர் நல விடுதியில் 100 இடம் இருந்தால் 85 இடம் ஆதிதிராவிடருக்கு. 10 இடம் பிற்பட்ட வகுப்புக்கு. 5 இடம் மற்றவர்களுக்கு. எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி.

இன்றைய கணக்கு

பந்தி ஒன்றாகி விட்டது. தட்டில் என்ன விழுகிறது?

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகள், ஆயிரத்துக்கும் அதிகமான விடுதிகள் இருக்கின்றன. விடுதியில் தங்கும் பள்ளிப் பிள்ளை ஒருவரின் சாப்பாட்டுக்கு அரசு கொடுத்தது மாதம் ஆயிரம் ரூபாய். 2023-ல் அதை 1,400 ரூபாயாக உயர்த்தினார்கள். கல்லூரி மாணவருக்கு 1,100 ரூபாய், 1,500 ரூபாய் ஆனது.

உயர்த்தியது நல்ல காரியம். மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,400-ஐ 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 46 ரூபாய் சொச்சம். மூன்று வேளைக்கு வகுத்தால், வேளைக்கு பதினைந்தரை ரூபாய்!

கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பருப்பு என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று. சீசனுக்கு வருகிறவர் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டாலே, ஒரு பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம் போய்விடும். அந்தப் பணத்தில்தான் வளரும் பிள்ளைக்குச் சாம்பாரும், காயும், முட்டையும், கறியும் வரவேண்டும்.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 20 பேர் ஆதிதிராவிடர். அவர்களுடைய தொகைக்கு ஏற்ற பங்கை வளர்ச்சித் திட்டங்களில் ஒதுக்க வேண்டும் என்று 2024-ல் சட்டமே வந்துவிட்டது. ஆகவே இது தர்மக் காசு அல்ல. அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு. அந்தப் பங்கு தட்டு வரைக்கும் வருகிறதா என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

பலகை மாறியது

நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூன் மாதம் குழு அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது, எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வரவேண்டும் என்றெல்லாம் அதில் யோசனை சொல்லி இருந்தார்கள்.

2025 ஜூலை மாதம் அரசு விடுதிகளுக்கு 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். நல்ல பெயர். 'எந்த விடுதிப் பையன்?' என்று கேட்டுச் சாதியைத் தெரிந்து கொள்ளும் வழக்கம் ஒழியட்டும்.

ஆனால் பலகைக்குப் பெயிண்டு அடித்தால் போதாது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். குழாயில் தண்ணீர் வரவேண்டும். ராத்திரி வார்டன் விடுதியில் இருக்க வேண்டும். ஊரில் பயந்து வந்த பிள்ளை, இங்கேயும் பயந்து படுக்கக் கூடாது.

மேஜையில் தூங்கும் சர்டிபிகேட்

இதில் நமக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது.

விடுதியில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழ் வேண்டும். 11-ம் வகுப்புக்கு மேல் ஸ்காலர்ஷிப் வாங்கவும் அதே காகிதங்கள்தான். அந்த ஸ்காலர்ஷிப்புக்கு 100-க்கு 60 மத்திய அரசும், 40 மாநில அரசும் போடுவது என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு நல்ல தனியார் உறைவிடப் பள்ளிகளில் 9-ம் வகுப்பிலும், 11-ம் வகுப்பிலும் இடம் வாங்கித்தரும் 'ஸ்ரேஷ்டா' திட்டம் 2022 முதல் வந்திருக்கிறது. பரீட்சை எழுதி வெற்றி பெற்றால் செலவு மத்திய அரசுடையது. இந்தத் திட்டம் இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

ஆபீசில் வேலை பார்க்கும் அன்பர்களே! உங்கள் மேஜையில் ஒரு சர்டிபிகேட் ஒரு மாதம் தூங்கினால், ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் தாய் நாலு தடவை ஆபீசுக்கு நடந்தால், நாலு நாள் கூலி போச்சு. ஐந்தாம் தடவை வரமாட்டாள். பிள்ளை ஆடு மேய்க்கப் போய்விடும்.

கடைக்கார அன்பர்களே! விடுதிக்குச் சரக்குப் போட்டால் சொத்தைப் பருப்பைத் தள்ளி விடாதீர்கள். கடைக்கு வரும் பிள்ளை எந்தத் தெருவானாலும் காசை வாங்கி மிட்டாயைக் கொடுங்கள்.

பஸ்சில் போகிறவர்களே! விடுதி வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "சாப்பிட்டாச்சா தம்பி? இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே குழம்பில் பருப்பு கூடும்.

குற்றாலம் அருவியில் இன்று யார் தலை நனைகிறது என்று யாரும் பார்ப்பது இல்லை. எல்லார் தலையிலும் ஒரே தண்ணீர்தான் விழுகிறது. 1934-ல் அப்படி இல்லை. மாறியிருக்கிறது. மாற்றினார்கள்.

விடுதித் தட்டும் மாறும். வேளைக்கு பதினைந்தரை ரூபாய் போதாது என்று நாம் உரக்கச் சொன்னால் மாறும்.